பூட்டிய அறையும் ஐந்து கணினிகளும்

பேரன் இந்த வருடம் பிளஸ் டூ. சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்.

"பைத்தான், தாத்தா. எங்களுக்குப் பாடமே இதுதான்" என்றான்.

"நான்கூட ஒரு காலத்துல பேசிக் சொல்லிக் கொடுத்திருக்கேன்டா" என்றேன். அவன் நம்பவில்லை. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து 2008-இல் ஓய்வு பெற்றவன் நான். கைப்பேசியில் வரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கே அவனைக் கூப்பிடுகிறவன். எனக்கு எங்கிருந்து கணினி தெரியும் என்பது அவன் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

அவனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. இதுவரை நான் யாரிடமும் சொல்லாத என் தப்பு ஒன்றும் இருக்கிறது.

சரித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேசிக் என்ற கணினி மொழி 1964-இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் பிறந்தது. அதை உருவாக்கிய ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவருமே கணிதப் பேராசிரியர்கள். கெமனி ஹங்கேரியில் பிறந்தவர். இளம் வயதில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். அந்தக் காலத்தில் கணினி என்றால் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் மட்டுமே நெருங்கக்கூடிய பண்டம். இலக்கியம், வரலாறு படிக்கிற பிள்ளைகளும் தாங்களே கணினிக்கு வேலை சொல்ல வேண்டும் என்பது இவர்கள் இருவருடைய ஆசை. அதற்காகவே எளிமையான ஒரு மொழியைச் செய்தார்கள். பிரிண்ட், இன்புட், இஃப், தென் என்று பத்திருபது சொல் தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்.

அடுத்து இங்கிலாந்து. 1980-களின் தொடக்கத்தில், வரப்போகிற கணினி யுகத்துக்கு மக்களைத் தயார் செய்ய வேண்டும் என்று பி.பி.சி. ஒரு பெரிய திட்டம் போட்டது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமாயிற்று. அதோடு சேர்த்துப் புத்தகம், கூடவே பி.பி.சி. பெயரிலேயே ஒரு கணினி. அதைச் செய்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய கம்பெனி. பள்ளிகள் கணினி வாங்க அந்நாட்டு அரசு பாதி விலையை ஏற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கில் விற்கும் என்று எதிர்பார்த்த அந்த இயந்திரம் கடைசியில் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 1984-85-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, என்.சி.இ.ஆர்.டி. துணையோடு, 'கிளாஸ்' என்ற திட்டத்தைச் சோதனை முயற்சியாகத் தொடங்கின. பள்ளிகளில் கணினி அறிவும் கணினிப் படிப்பும் என்பது அதன் விரிவு. முதலில் சுமார் 250 பள்ளிகள். பிறகு படிப்படியாகக் கூடின. தேர்ந்தெடுத்த கணினி, அதே பி.பி.சி. மைக்ரோ. மொத்தம் 12,000 கணினிகள் வந்து, மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இந்தக் கணினிகளைப் பெற்ற பள்ளிகள் 2,598 என்று பின்னாளில் அரசு கணக்குச் சொல்லிற்று. பள்ளிக்கு ஐந்துகூட முழுசாகத் தேறாது. அந்த 12,000-த்தில் ஐந்து எங்கள் பள்ளிக்கு வந்தன. நான் சொல்லப்போவது அந்த ஐந்தின் கதை.

எங்கள் பள்ளி அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்தது. பெயர் வேண்டாம். 1986-இல் ஒரு லாரியில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. அதற்கு முன்பே என்னையும் பௌதிக ஆசிரியர் ஒருவரையும் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் அப்போது நாற்பது வயதுக்குள். அவ்வளவுதான்.

பயிற்சியில் முதல் நாள் விசைப்பலகையில் 'ஏ' எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நிமிடம் ஆனது. ஏ, பி, சி வரிசையில் இல்லாமல் இப்படி ஏன் கலைத்துப் போட்டிருக்கிறான் என்று எரிச்சல். பக்கத்தில் இருந்த பௌதிக ஆசிரியர் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். அவர் சரளமாகத் தட்டுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

பி.பி.சி. மைக்ரோவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டைப்ரைட்டர் அளவில் வெளிர் மஞ்சள் பெட்டி. அதிலேயே விசைப்பலகை. கறுப்பு விசைகள், மேல் வரிசையில் மட்டும் பத்து விசைகள் செங்காவி நிறம். அதை டி.வி. மாதிரியான ஒரு திரையோடு இணைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் இரண்டு சுருதியில் ஒரு கூவல். திரையில் 'பி.பி.சி. கம்ப்யூட்டர் 32 கே' என்று எழுத்து வரும். அந்த 32 கே என்பதுதான் அதன் மொத்த நினைவகம். இன்று பேரன் கைப்பேசியில் எடுக்கிற ஒரே ஒரு புகைப்படத்துக்கு அதைப்போல நூறு மடங்கு இடம் வேண்டும். நிரல்களைச் சேமிக்கப் பாட்டுக் கேசட்தான். டேப் ரெக்கார்டரில் போட்டால் கிரீச்சென்று கத்திக்கொண்டே உள்ளே ஏறும். காலி கேசட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டில் இருந்த பழைய நாடக வசனக் கேசட் ஒன்றை அழித்து எடுத்துப் போனேன். வீட்டுக்காரி இன்று வரை அதை மன்னிக்கவில்லை.

கணினிக்கு என்று ஓர் அறை ஒதுக்கினோம். ஜன்னலுக்குத் திரை, தரையில் தேங்காய்நார் விரிப்பு, ஒரு ஸ்டெபிலைசர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் அதைக் கோயிலுக்குப் போகிற மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஆயுத பூஜை அன்று ஐந்து கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். இன்று யோசித்தால், அந்தப் பொட்டிலேயே எங்கள் கதை முழுதும் இருந்தது என்று தோன்றுகிறது.

கணினி எங்களுக்குத் தேர்வுப் பாடம் இல்லை. பள்ளி விட்ட பிறகும், சில நாள் கடைசிப் பீரியடிலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை விருப்பம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டோம். ஒரு கணினிக்கு ஆறு பேர். ஒருவன் தட்டுவான், ஐந்து பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள்.

கற்பிப்பதில் முதல் தடை மொழி. பெரும்பாலும் தமிழ் வழிப் பிள்ளைகள். திரையில் தமிழ் வராது. கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம். எங்களுக்கு வந்த நிரல்கள் இங்கிலாந்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்தவை. அவர்கள் ஊர் நாணயம், அவர்கள் ஊர் வரைபடம். நம் பாடத்திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருந்தது. கணினியோடு வந்த அறிமுகக் கேசட்டில் 'கிங்டம்' என்று ஒரு விளையாட்டு. சீனாவில் மஞ்சள் ஆற்றங்கரையில் மூன்று கிராமங்கள். ஆடுகிறவர்தான் நாட்டாமை. ஒவ்வொரு பருவத்திலும் ஆற்றங்கரையைக் காக்க எத்தனை பேர், வயல் வேலைக்கு எத்தனை பேர், திருடர்களைத் தடுக்க எத்தனை பேர் என்று ஆளைப் பிரிக்க வேண்டும். எத்தனை கூடை நெல்லை விதைக்கலாம், எத்தனையைச் சாப்பாட்டுக்கு வைக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். கரையைக் கவனிக்காவிட்டால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். விதைநெல்லைக் குறைத்தால் அடுத்த வருடம் பட்டினி.

லண்டன் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அது வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு. கரை உடைந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் நாளே எங்களைவிட நன்றாக ஆடினார்கள். கணக்கில் நாற்பதைத் தாண்டாத ஒரு பையன், 'மொத்த ஆளில் பாதியைக் கரைக்குப் போட்டா சரியா வருது சார், மூணுல ஒரு பங்கு போட்டா உடைஞ்சுடுது' என்று சொன்னபோது நான் அசந்துவிட்டேன். வகுப்பறையில் பின்னத்துக்குப் பயந்தவன் அவன்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த விசைப்பலகையில் 'பிரேக்' என்று ஒரு விசை உண்டு. தெரியாமல் அதை அழுத்திவிட்டால் அதுவரை தட்டிய நிரல் முழுதும் மறைந்துவிடும். ஒரு மணி நேர உழைப்பு போய்விட்டதே என்று பிள்ளைகளுக்கு முகம் வெளுத்துவிடும். ஆனால் உடனே 'ஓல்டு' என்று மூன்று எழுத்தைத் தட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். புதிதாக வேறு வரி எதையும் தட்டாமல் இருந்தால் போதும். முதன்முதலில் அதைச் செய்து காட்டியபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். தப்பு செய்தால் காதைத் திருகுகிற உலகத்தில் இருந்து வந்தவர்கள் அவர்கள். நானும் திருகியிருக்கிறேன். இந்த இயந்திரமோ திட்டுவதில்லை, மார்க் குறைப்பதில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. தப்பு எந்த வரியில் என்று சொல்லும், திருத்தினால் ஏற்றுக்கொள்ளும்.

குழந்தைகளுக்கு 'லோகோ' என்ற கணினி மொழியைச் செய்தவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர், 1980-இல் வந்த தம் புத்தகத்தில் இதைத்தான் விரிவாகப் பேசியிருக்கிறார். நிரல் எழுதுகிற பிள்ளை, 'சரியா, தப்பா' என்று கேட்பதை விட்டு, 'இதை எப்படிச் சரி செய்வது' என்று கேட்கப் பழகுகிறது என்பது அவர் கருத்து. ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் பற்றி அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்திருந்தால் என்று சில சமயம் நினைப்பேன். பிறகு, தெரிந்திருந்தாலும் அப்படித்தான் நடந்துகொண்டிருப்பேன் என்றும் தோன்றும். ஏன் என்று சொல்கிறேன்.

1987-இல் நாடு முழுவதும் கடுமையான வறட்சி. எங்கள் பக்கத்தில் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம்தான். ஜூன் 12 அணை திறக்கிற நாள் என்பது வழக்கம். தொண்ணூறு அடிக்கு மேல் இருந்தால் திறப்பார்கள், குறுவை போடலாம். இல்லாவிட்டால் காத்திருந்து சம்பா. இது எங்கள் ஊரில் டீக்கடைக் கணக்கு.

அந்த வருடம் பிளஸ் ஒன்னில் ஒரு பெண். அப்பா குத்தகை விவசாயி. வகுப்பில் அதிகம் பேசாது. கணினி அறையிலும் ஆறு பேரில் கடைசியாகத்தான் நிற்கும். பையன்கள் விசைப்பலகையை விட்டு நகர மாட்டார்கள், அதற்கு முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு நாள் என்னிடம் ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டியது. அதில் கையால் எழுதிய ஒரு நிரல். 10, 20, 30 என்று பத்துப் பத்தாக வரி எண். நடுவில் புது வரி சேர்க்க வேண்டி வந்தால் இடம் இருக்கட்டும் என்று அப்படிப் போடுவது வழக்கம். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

நிரல் இதுதான்: மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்கும். நிலம் எத்தனை மா என்று கேட்கும். நீர்மட்டம் தொண்ணூறோ அதற்கு மேலோ இருந்தால் 'குறுவை' என்று எழுதும். குறைந்தால் 'சம்பா' என்று எழுதும். கடைசியில், அந்த நிலத்துக்கு எத்தனை மரக்கால் விதைநெல் வேண்டும் என்று பெருக்கிச் சொல்லும். தமிழ்ச் சொல் எல்லாம் ஆங்கில எழுத்தில். மொத்தம் ஒன்பது வரி. நான் சொல்லிக்கொடுத்த உதாரணங்கள் இரண்டு எண்களைக் கூட்டுவது, வட்டத்தின் பரப்பு காண்பது, இவ்வளவுதான். இந்தப் பெண் தன் வீட்டுக் கவலையையே எடுத்துக் கணினிக்குச் சொல்லியிருந்தது.

"நீயே எழுதினியாம்மா?"

"ஆமா சார். சரியா வருமா சார்?"

"போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும், நாளைக்குப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

அந்த நாளை வரவில்லை.

அன்று மாலையே, பிள்ளைகள் போன பிறகு, மின்சாரம் ஏறி இறங்கி ஒரு கணினியிலிருந்து 'டப்'பென்று சத்தம் வந்தது. கூடவே புகை. அறை முழுதும் கருகிய நாற்றம். நல்லவேளையாக வேறு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். "இருப்புப் பதிவேட்டுல உங்க கையெழுத்துதான் இருக்கு. ஆடிட்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பூட்டச் சொல்லவில்லை.

பூட்டியது நான்.

ஒரு கணினியின் விலை இங்கிலாந்திலேயே 399 பவுண்டு. கப்பலில் வந்து, திரையும் சேர்ந்து என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால் என் பல மாதச் சம்பளம். இரண்டு பெண்களுக்கு அப்பா நான். சம்பளத்தில் பிடிப்பார்களோ, பதவி உயர்வில் கை வைப்பார்களோ என்று பயம். மீதி நான்கையும் துணி போட்டு மூடினேன். கதவைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வகுப்பில் கரும்பலகையில் நிரல் எழுதிப்போட்டு, 'இதைப் போட்டால் கணினி என்ன விடை சொல்லும்' என்று கேட்டுப் பாடம் நடத்தினேன். மேலதிகாரிகள் வந்த அன்று மட்டும் திறந்து, நன்றாகப் படிக்கிற நான்கு பையன்களை உட்கார வைத்துக் காட்டினேன். பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பெண் நான்கு முறை வந்து கேட்டது. கடைசி முறை பரீட்சைக்கு முன்பு. ஆசிரியர் அறை வாசலில் நின்று, "அஞ்சு நிமிஷம் போதும் சார். பேச்சுக் கொடுக்காம நீங்களே தட்டினாக்கூடப் போதும் சார். வருதான்னு மட்டும் பாத்துக்கறேன்" என்றது.

"ஆடிட் முடியட்டும்மா" என்றேன்.

ஆடிட் முடிந்தது. அதற்குள் அடுத்த வருடம் வந்து, பிளஸ் டூ பொதுத் தேர்வு வந்துவிட்டது. பிறகு அது கேட்கவில்லை. மேலே படிக்கவும் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் கல்யாணம் ஆகிப் பக்கத்துத் தாலுகாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

எங்கள் கணினிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். உழைத்துத் தேய்ந்து போகவில்லை. மூடி வைத்தே பழசாகிப் போயின. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கிளாஸ் திட்டத்தை விரிவாக்கி, பழைய பி.பி.சி. பள்ளிகளுக்கும் புதிய பள்ளிகளுக்கும் நிதி ஒதுக்கினார்கள். புதுக் கணினிகள் வந்தன. பழைய ஐந்தையும் பெட்டியில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். பதிவேட்டில் மட்டும் 'நல்ல நிலையில்' என்று எழுதியிருந்தது. நான் எழுதியதுதான்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணினிப் படிப்பு பல மாற்றங்களைக் கண்டது. கணினி அறிவியல் மேல்நிலையில் முறையான பாடமாயிற்று. எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50 என்று மதிப்பெண். 2005-இல் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் பாதி ஸ்டார் ஆபீஸ், பாதி சி பிளஸ் பிளஸ். ஓய்வுக்கு முன் சில வருடம் நான் அதையும் எட்ட நின்று பார்த்தேன். எந்தப் பட்டியில் எந்தக் கட்டளை, எந்த விசையை அழுத்தினால் என்ன வரும் என்று பிள்ளைகள் திருக்குறள் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். கணினியில் கை வைக்காமலே கணினிப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் நாம்தான். அந்தக் கண்டுபிடிப்பில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அதைப் பற்றி அப்போது எத்தனையோ விவாதம். சினிமா பார்க்கத்தான் பயன்படும், விற்றுவிடுவார்கள் என்றெல்லாம் பேசினார்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

2012-இல் ஒரு நாள் வாசலில் ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து நின்றார்கள். அம்மா கையில் ஒரு கறுப்புப் பை. "சார், அடையாளம் தெரியுதா?" என்று கேட்டதும் குரலை வைத்துக் கண்டுகொண்டேன். அதே பெண்தான். மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாளாம், மடிக்கணினி கொடுத்திருக்கிறார்களாம். இதை வைத்து மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று கேட்க வந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா மடிக்கணினியை மெதுவாகத் தடவிக்கொண்டே கேட்டது: "இது வீட்டுலயே இருக்கும்ல சார்? திருப்பி வாங்க மாட்டாங்கள்ல? ராத்திரிகூட எடுத்துப் பாக்கலாம்ல?"

வேறு எந்த அர்த்தத்திலும் கேட்கவில்லை. என்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றிக் குறை பேசுவதை அன்றோடு விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கணினியைக் கொடுத்த இங்கிலாந்தும் இதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டி வந்தது. பி.பி.சி. மைக்ரோ காலம் போனபின் அங்கும் பள்ளிகளில் கணினி வகுப்பு என்பது தட்டச்சும் அட்டவணையும் என்று சுருங்கிவிட்டது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களுக்கும் நிரல் எழுதிய பழக்கம் இல்லை. சிறுவயதில் பி.பி.சி. மைக்ரோவில் பழகிய எபன் அப்டன் என்பவரும் அவர் நண்பர்களும் இதைக் கண்டு கவலைப்பட்டு, உள்ளங்கை அளவில் 'ராஸ்பெரி பை' என்ற மலிவான கணினியைச் செய்து 2012 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். உடைந்தால் உடையட்டும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிற விலை. 2014-இல் இங்கிலாந்துப் பாடத்திட்டத்திலேயே சிறு வயதிலிருந்து நிரல் எழுதுவதைச் சேர்த்தார்கள். 2016-இல் பி.பி.சி. மறுபடியும் 'மைக்ரோ பிட்' என்ற சிறு சாதனத்தை ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பள்ளிக்கு இத்தனை என்று கொடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தது.

இன்னொரு செய்தி. பி.பி.சி. மைக்ரோவைச் செய்த ஸோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் 1985-இல் உருவாக்கிய 'ஆர்ம்' என்ற செயலியின் வழித்தோன்றல்தான் இன்று நம் கைப்பேசிகளுக்குள் இருக்கிறது. எங்கள் பூட்டிய அறையின் சொந்தக்காரன் ஒருவன் இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறான் என்று சொல்லலாம். நான் சாவி வைத்திருந்த அதே சட்டைப் பையில்.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் பேரன் கேட்டான்: "அந்த நோட்டு இருக்கா தாத்தா?"

இருந்தது. பீரோவின் அடியில், என் பணிப்பதிவேட்டு நகலுக்கும் பழைய எல்.ஐ.சி. ரசீதுகளுக்கும் நடுவில். ஓரம் பழுத்திருந்தது, எழுத்து அழியவில்லை.

பழைய பி.பி.சி. மைக்ரோ போலவே நடந்துகொள்கிற நிரல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறதாம். பேரன் இரண்டு நிமிடத்தில் அதைத் திறந்துவிட்டான். அதே கூவல். அதே 'பி.பி.சி. கம்ப்யூட்டர் 32 கே'. எனக்குத் தொண்டை அடைத்தது. ஒன்பது வரியையும் நானே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன், ஓர் எழுத்தும் மாற்றாமல். 'ரன்' போட்டேன். மேட்டூர் எத்தனை அடி என்று கேட்டது. 82 என்றேன். எத்தனை மா? 9 என்றேன். 'சம்பா' என்று வந்தது. அடியில் மரக்கால் கணக்கும் வந்தது.

"சூப்பர் தாத்தா, ஓடுது" என்றான் பேரன். "இப்ப தொண்ணூறுக்கு மேல போடுங்க. ரெண்டு பக்கமும் பாக்கணும்."

95 போட்டேன். மா கேட்டது, சொன்னேன். உடனே திரையில், 'மிஸ்டேக் அட் லைன் 60'.

பார்த்தால், அறுபதாம் வரியில் 'தென்' என்பதற்குப் பின்னால் வருகிற 'பிரிண்ட்' என்ற சொல்லில் ஐ என்ற எழுத்தும் ஆர் என்ற எழுத்தும் இடம் மாறியிருந்தன. மற்ற இடங்களில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. தமிழ் வழியில் படித்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு வரக்கூடிய தப்புதான். அன்றைக்குக் கணினி இதைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் திருத்தியிருக்கும். 'குறுவை' என்று திரையில் வந்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. கணினிப் படிப்பு என்று நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தப்பு வந்துவிடக்கூடாதே என்ற பயம்தான். தப்பு வரட்டும், பார்த்துத் திருத்திக்கொள் என்று சொல்வதற்காகத்தான் அந்த இயந்திரம் கடல் தாண்டி வந்திருந்தது.

மறுநாள் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாளாம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். நோட்டை நான் இத்தனை வருடம் வைத்திருந்ததை முதலில் நம்பவில்லை. பிறகு, "அன்னிக்குத் திறந்து விட்டிருக்கணும்மா. யாரும் பூட்டச் சொல்லலை. நாந்தான் பயந்துட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது கிடக்கு சார்" என்றது. அப்புறம், "ஓடுச்சா சார்?"

"சம்பாவுக்கு ஓடுச்சு. குறுவைக்கு நின்னுடுச்சு."

"எத்தனாவது வரியில சார்?"

"அறுபது."

"ஸ்பெல்லிங்கா?"

"ஆமாம்மா."

சிரித்தது. "அப்பவே சந்தேகமா இருந்துச்சு சார். அதுக்குத்தான் போட்டுப் பாக்கலாம்னு கேட்டேன்."

நோட்டைப் பேரன் ஒரு உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். வரும் வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.